சாவி கால்மிதிக்குக் கீழே

அந்தப் பாட்டைக் கேட்டாலே நெவிலுக்குக் குமட்டும். எழுதியதும் அவன்தான், பாடியதும் அவன்தான். தொண்ணூற்று நான்கில் ‘டாம்ப் வால்ஸ்’ என்ற அவனுடைய ராக் குழுவைத் தூக்கிவிட்ட ஒரே பாட்டு அது. விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் போட்ட எதையும் ஒரு நாய்கூடச் சீண்டவில்லை.

பாட்டு அவன் மனைவி பெவர்லியின் அப்பாவைப் பற்றியது. கிளெக்பி பஞ்சாலைத் தீயில் செத்த பதினான்கு பேரில் அவரும் ஒருவர். அப்போது அவளுக்கு ஏழு வயது. இரவு வேலை முடிந்து வருகிறவருக்காகக் கால்மிதிக்குக் கீழே சாவி வைக்கும் பழக்கத்தை அவள் அம்மா அதற்கப்புறமும் இரண்டு வருஷம் விடவில்லை. ‘வந்துவிடு, சாவி வைத்த இடத்திலேயே இருக்கிறது’ என்பதுதான் பல்லவி.

கிளெக்பிக்கும் நெவிலின் ஊரான ஹார்ஸ்டனுக்கும் நடுவே ஆறே மைல். கால்பந்து என்று வந்துவிட்டால் ஜென்மப் பகை. ஹார்ஸ்டன்காரர்களுக்கு நல்ல மெட்டு எது கிடைத்தாலும் எதிராளியை வைவதற்கு வேண்டும். இதுவும் மாட்டியது, பல்லவியின் வார்த்தைகளை மாற்றிவிட்டார்கள். “சாவி எதுக்குடா, உங்கப்பன் கருகிட்டான்” என்று பத்தாயிரம் பேர் கத்துவார்கள். பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தகப்பன்கள் கத்துவார்கள். அதே வாய் திங்கட்கிழமை கடைத்தெருவில் பெவர்லியைப் பார்த்து, “எப்படி இருக்க கண்ணு?” என்று குழையும். தூ!

பாட்டுக்கு முப்பது வயது ஆன வருஷம், கிளெக்பியோடு ஆட்டம் வந்தது. ஹார்ஸ்டன் கிளப்பின் தலைவர் டெரக் வீடு தேடி வந்துவிட்டார்.

“இடைவேளையில நடு மைதானத்துல நின்னு ஒரு தடவ பாடிடுப்பா. நம்ம ஊர்ப் பய நீ!”

“அந்த அசிங்கத்தப் பாடுவானுங்க, டெரக்.”

“அட, விளையாட்டுக்குதானே! அதப் போய் யாரு மனசுல வெச்சுக்கறா?”

“என் பொண்டாட்டி வெச்சுக்கறா.”

கதவைச் சாத்தப் போனவனைப் பெவர்லிதான் தடுத்தாள்.

“போ நெவில். மைக் உன் கையில இருக்கும், அவனுங்க கையில இல்ல. எங்கப்பா பாட்ட ஒரே ஒரு தடவ அந்த எடத்துல ஒழுங்கா கேக்கணும் எனக்கு. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நீயே பாடு. நானும் வரேன்.”

“சத்தியமா நானே பாடறேன்.”

முப்பது வருஷமாக அவள் அந்த மைதானத்தில் கால் வைத்ததில்லை.

சனிக்கிழமை. நசநசவென்று மழை. வதங்கும் வெங்காயம், சிந்திய பீர், மூத்திரம் மூன்றும் கலந்து மூக்கில் ஏறின. நெவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான். உட்காருமிடங்களில் மூன்றாம் வரிசையில், பச்சைக் கோட்டில் பெவர்லி.

முதல் சரணம் பாடினான். கூட்டம் அடங்கிவிட்டது. நம்ப முடியவில்லை. கிளெக்பி ரசிகர்கள் நின்ற மூலையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். குரல் அந்த நாளைப் போலவே ஏறியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாட்டின்மேல் அவனுக்கு ஆசை வந்தது.

பல்லவி வந்தது. ‘வந்துவிடு’ என்றான். அவ்வளவுதான். கை தானாக நீண்டது. ஊர் ஊராக, மேடை மேடையாக, மீதி வரியைக் கூட்டம் பாடட்டும் என்று மைக்கை நீட்டி நீட்டிப் பழகிய கை. பாடகர்கள் எல்லோரும் செய்வதுதான்.

பத்தாயிரம் பேரும் பாடினார்கள். அவன் நீட்டிய மைக்கிலேயே, மைதானத்து ஒலிபெருக்கி அத்தனையிலும், அவள் அப்பன் கருகினான்.

கையை வெடுக்கென்று இழுத்து மீதியைப் பாடினான். யாருக்கும் கேட்கவில்லை. ஓரத்தில் டெரக் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அவர் வாயில் இறைச்சிப் பலகார நாற்றம். “கேட்டியா? உன்கூடச் சேர்ந்து பாடினானுங்க!” என்றார். நெவில் அவரை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாம் வரிசையில் பெவர்லியின் இருக்கை காலியாக இருந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினான். பெவர்லி காரில் சாய்ந்து நின்றாள். மைதானத்துக்குள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“பெவ், கை தானா போயிடுச்சு. பழக்கம். சத்தியமா...”

“தெரியும்.”

“அவனுங்க மிருகங்க, பெவ்.”

“அவனுங்க எனக்குப் பழகிட்டானுங்க.” கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். “மைக்க நீட்டும்போது நீ சிரிச்ச, நெவில்.”