புதன்கிழமை வெந்நீர்

உன்னி வந்து கேட்டபோது போர்கில்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நகராட்சியின் வரவுசெலவுக் குழுவுக்கே தலைவி, நாற்பது வருடச் சிநேகிதி, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "நீதான் எழுதணும் டீ, உன்னை மாதிரி எழுத இந்த ஊர்ல ஆள் கிடையாது" என்றால் யாருக்குத்தான் குளிராது?

விஷயம் இதுதான். வடக்கு நார்வேயின் அந்தச் சின்னக் கடலோர ஊரில், பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தைப் புதன்தோறும் நன்றாகச் சூடாக்கி வயதானவர்களுக்கு விடுவார்கள். நகராட்சி செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்று வந்ததும், அதை நிறுத்தலாமா என்று பேச்சுக் கிளம்பியது. நிறுத்தக் கூடாது என்று குளிப்பவர்கள் சார்பில் ஒரு கடிதம் வேண்டும்.

போர்கில்ட் முப்பத்தொரு வருடம் மீன் தொழிற்சாலையில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் கை வைத்து மீன் அறுத்தவள். விரல்கள் முடங்கிவிட்டன. புதன்கிழமை ஒரு மணி நேரம் வெந்நீரில் கிடந்தால் சனிவரை விரல் விரியும். ரொட்டி அறுப்பாள், சட்டை மாட்டுவாள், தனி வீட்டில் தன் பாட்டுக்கு இருப்பாள். திங்கள், செவ்வாயில் கோட்டுப் பட்டனைக்கூட உன்னிதான் வந்து போட்டுவிடுவாள். வெந்நீர் போனால் ஏழு நாளும் செவ்வாய்தான். அப்புறம் முதியோர் இல்லத்துக் கட்டில்தான். இது உன்னிக்குத் தெரியாதா? ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"கை வலியைப் பத்தி எழுதட்டுமா?"

"ஐயோ, அழுது வடியாதே டீ. புலம்பல் கடுதாசி மூட்டை மூட்டையா வருது, ஒருத்தனும் படிக்கிறதில்ல. சந்தோஷமா எழுது. கேக்கிறவனுக்கே குளத்துல குதிக்கணும்னு தோணணும்."

போர்கில்டுக்கும் அதுதான் வசதி. வலியை வாய்விட்டுச் சொல்வது அந்த ஊரில் உள்ளாடையோடு கடைத்தெருவுக்குப் போவது போல. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், சாகக் கிடப்பவரும் "பரவாயில்ல" என்றுதான் சொல்வார்.

வியாழக்கிழமை எழுத உட்கார்ந்தாள். முந்தின நாள் வெந்நீரில் ஊறிய கையில் பேனா சொன்னபடி கேட்டது. இனிக்கிற சொல்லாகத் தேடித் தேடிப் போட்டாள். 'வாரத்தின் மிட்டாய்' என்று எழுதினாள். 'வாஃபிள் அப்பத்தின்மேல் ஜாம்', 'கிழங்கட்டைகளின் சின்னச் சொகுசு' என்றெல்லாம் எழுதினாள். காபி, மெழுகுவத்தி, நாலு பேர் சேர்ந்த கதகதப்பு எல்லாவற்றுக்கும் அவ்வூரார் சொல்லும் 'கூஸ்' என்ற செல்லச் சொல்லை மூன்று இடத்தில் போட்டாள். கை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. உன்னி படித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

நகராட்சிக் கூட்டம் செவ்வாய்க்கிழமை பகலில் நடந்தது. மேல்மாடத்தில் போர்கில்டும் குளத்துக்காரர் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உட்காருபவர்கள் வாய் திறக்கக் கூடாது. திரையில் இரண்டு பட்டியல்: 'அவசியமானவை', 'இதமானவை'. பந்து விளையாடும் மைதானத்துக்கு அடியில் பனி உருகச் சூடேற்றும் குழாய் அவசியத்தில் இருந்தது. மைதானத்துக்குக் குளிரலாமா, பாவம்! வெந்நீர் இதத்தில் இருந்தது.

"பெரியவங்களுக்கு அது மருந்து மாதிரி இல்லையா?" என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டார்.

உன்னி எழுந்தாள். "நான் ஏன் சொல்லணும்? குளிக்கிறவங்களே சொல்லட்டும்." கடிதத்தைப் பிரித்து ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். மிட்டாய்க்குச் சிரித்தார்கள், ஜாமுக்கும் சிரித்தார்கள், அன்பாகத்தான். "மனசைத் தொடுது, இல்லையா? ஆனா இதுல நோவுன்னு ஒரு வார்த்தை இருக்கா? மருந்துன்னு இருக்கா? ஜாம் நல்லாத்தான் இருக்கும். ஜாம் இல்லாட்டியும் வாஃபிள் உள்ளே போகும்."

போர்கில்ட் இரண்டு கைகளையும் தூக்கி மாடத்துக் கம்பிமேல் வைத்தாள். உன்னி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்தாள்.

பதினேழு பேர் வெந்நீரை நிறுத்தச் சொன்னார்கள், நாலு பேர் நிறுத்த வேண்டாம் என்றார்கள்.

அடிப் பாவி! திட்டம் போட்டே எழுத வைத்தாளா, கைக்கு வாகாகக் கிடைத்ததென்று பிறகு எடுத்துக்கொண்டாளா? எதுவானால் என்ன, கழுத்தை அறுத்துவிட்டாள். கத்தியைத் தீட்டிக் கொடுத்தது நான்தானே என்று நினைத்தபோதுதான் போர்கில்டுக்குக் கண் நிறைந்தது.

கீழே கோட்டு மாட்டும் இடத்துக்கு உன்னி ஓடிவந்தாள்.

"கோவிச்சுக்காதே டீ. மைதானத்துல கை வச்சா, அங்க விளையாடுற பிள்ளைகளைப் பெத்தவங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. ஏதாவது ஒண்ணை வெட்டியே ஆகணும். நீங்கள்லாம் குறையே சொல்லாத ஆளுங்க, பொறுத்துக்குவீங்க..." பேசிக்கொண்டே, செவ்வாய்க்கிழமைப் பழக்கத்தில், போர்கில்டின் கோட்டை இழுத்து மேல் பட்டனைப் போட்டாள். இரண்டாவதற்குக் கை போனது.

போர்கில்ட் பின்னால் நகர்ந்தாள். "விடு."

"வெளியே ஊதக்காத்து டீ! மைனஸ் ஒன்பது!"

"பட்டன் போட்டா இதமாத்தான் இருக்கும்," என்றாள் போர்கில்ட். "அவசியமில்ல."

உன்னியின் முகம் தொங்கிப்போனது. போர்கில்ட் கதவுவரை நடந்து, அங்கே நின்று, உன்னி போட்ட அந்த ஒரு பட்டனைக் கழற்றப் பார்த்தாள். விரல் வளையவில்லை. மறுபடியும் பார்த்தாள். பிறகு தோளால் கதவைத் தள்ளி, அந்தப் பட்டனோடேயே படியிறங்கினாள்.