ஒரு டிகிரி கோணல்

1

"இருபது வருசத்துல என்ற வேலைய யாரும் கோணலுன்னு சொன்னதில்லீங்க அம்மணி!"

"அதுதானுங்கண்ணா பிரச்சினையே! கோணலா வெய்யுங்கன்னுதான் கெஞ்சறேன்!"

எங்கள் ஊரான கணபதியில், வீட்டுக்கு எதிர்ப் பட்டறையில் கேட்ட சண்டை இது. இதிலிருந்துதான் கதை எழுத உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (துணி காயப்போடத்தான் மாடிக்குப் போனேன். பக்கெட்டில் துணி இல்லை.)

2

சைத்ரா ஒளியியல் படித்தவள், பட்டறை முதலாளி. கதிர்வேல் அவளிடம் மெஷின் ஓட்டுகிறவர். பம்ப்செட் பெட்டிகளுக்கு, எவரும் போலி அடிக்க முடியாத லேபிள் செய்கிறார்கள். கீழ்த் தாளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சிட்ட ஆயிரம் நீல மீன்கள். மேல் தாளில் அதே இடைவெளியில் ஆயிரம் பொடி லென்ஸ்கள். இரண்டையும் ஒட்டிச் சாய்த்துப் பார்த்தால் ஒரே பெரிய மீன் நீந்த வேண்டும்.

நீந்தவில்லை. மறுநாள் காலை பம்ப் கம்பெனிக்காரர் வருகிறார். அவர் முன்னால் மீன் அசையாவிட்டால், பட்டறையைப் பூட்டிவிட்டுப் பெங்களூரு வேலைக்குப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

3

கதிர்வேலின் கண்கள் கலங்கி... (இந்த வரியை அடித்துவிட்டேன். கலங்குகிற ஆளா அவர்? முறைக்கிற ஆள்.)

அவர் செய்த தப்பு, தப்பே செய்யாததுதான். இரண்டு தாள்களையும் மயிரிழை பிசகாமல் நேருக்கு நேர் ஒட்டியிருந்தார். அப்படி ஒட்டினால் மீன் அளவில்லாமல் பெருத்து வெறும் நீலமாகிவிடும். மேல் தாளைக் கொஞ்சம் திருப்பினால்தான் உருவம் சேரும். இப்படியொரு தப்பைச் செய்ய எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். மாடியில் நின்றபடி எனக்குப் பெருமையாகவே இருந்தது.

"அளந்து கோணலா வெய்யுங்கண்ணா. ஒரே டிகிரி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

கதிர்வேல் நிமிர்ந்தார். "அளந்துங்களா? அத மொதல்லயே சொல்றதில்லீங்களா? வெறுங்கோணல்னா எவன் வேணும்னாலும் வெச்சுப்போடுவான்!"

4

மீன் நீந்தியது. கம்பெனிக்காரர் லேபிளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் டீ ஆறிப்போனது. ஆர்டர் கிடைத்தது.

முடிவு (அ): சைத்ராவுக்கும் கதிர்வேலுக்கும் கல்யாணம். வாசகருக்குப் பிடிக்கும்; ஆனால் கதிர்வேலின் மனைவி சண்முகப்பிரியா இதைப் படிப்பார்.

முடிவு (ஆ), நிஜமாகவே நடந்தது: தை மாதம் சைத்ரா பெங்களூரு மாப்பிள்ளை சசிதரைக் கட்டிக்கொண்டாள், அவர்தான் அந்த ஊரை விட்டுக் கணபதிக்குக் குடிவந்தார். கதிர்வேல் சென்னிமலையில் சொந்தப் பட்டறை போட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். அவராகக் கிளம்பினாரா, இவளே அனுப்பிவைத்தாளா? கேட்டுப் பார்த்துவிட்டேன், இருவரும் சிரிக்கிறார்கள். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத சங்கதி இது ஒன்றுதான். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.