கற்படுகைக்கு உறை

உலகத்தில் அழுக்குத் தண்ணீரைப் பற்றி முழுமையாக அறிந்தவர்கள் இரண்டே பேர் என்று தங்கரத்தினம் சொல்வார். ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். போன வருஷம் காலமாகிவிட்டார். மற்றவர் யார் என்று தங்கரத்தினம் சொல்லமாட்டார். தற்பெருமை அவருக்குப் பிடிக்காது.

மலாயாவில், கிள்ளானை அடுத்த மேருப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் சானிட்டரி ஓவர்சியர். யாழ்ப்பாணத்துக்காரர். கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்கப் போகும்போதும் கோட்டும் டையும் போட்டுக்கொண்டுதான் போவார். வந்திருப்பது யார் என்று தொட்டிக்குத் தெரியவேண்டாமா?

“நான் விடுற தண்ணி போய்ச் சேர்ந்தால், கிள்ளான் ஆறு எனக்குக் கடமைப்பட்டது” என்பார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்ததை ஒருவரும் பார்த்ததில்லை.

ஆறு கடமைப்படுவதற்கு முன்னால் சர்க்கார் அனுமதி வேண்டியிருந்தது. கொடுக்கவேண்டியவர் சுகாதார அதிகாரி, வெள்ளைக்காரர். அவருடைய சோதனை ஒரு புட்டி. கழிவுநீர் தொட்டியில் தங்கி, சல்லிக்கல் நிரப்பிய கற்படுகை வழியாகச் சொட்டி, வாய்க்கால் முனைக்கு வரும். அங்கே ஒரு புட்டி பிடித்து, அதில் கொஞ்சம் நீலச் சாயம் விட்டு, இறுக மூடி, அலமாரியில் வைத்துவிடுவார். தண்ணீரில் அழுக்கு மிச்சமிருந்தால் அது நீலத்தைத் தின்றுவிடும், புட்டி வெளுத்துப்போகும். நீலம் நின்றால் அனுமதி. வெள்ளைக்காரர் ஆட்சியில் வெளுத்ததைக் கண்டு பயப்படுகிற ஒரே இலாகா இதுதான் என்று, காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸர் தம்பு சொன்னார். அதிகாரி காரில் ஏறிப் போன பிறகுதான் சொன்னார்.

அனுமதி வந்தால்தான் புதிய பிரசவ வார்டைத் திறக்கலாம். கட்டிடம் தயார், கட்டில்கள் தயார், வாசலில் பூட்டும் தயார். பழைய வார்டில் இடம் கிடைக்காத தோட்டத்துப் பெண்கள் வராந்தாவில், சேலைத் தடுப்புக்குப் பின்னால் பிள்ளை பெற்றார்கள். மழை அடித்தால் தடுப்பு ஒரு பக்கமும் சாரல் ஒரு பக்கமும் போகும். தைப்பூசத்துக்குள் சாவி உங்கள் கையில் என்று தலைமை நர்ஸ் மார்க்கிரட்டுக்குத் தங்கரத்தினம் வாக்குக் கொடுத்திருந்தார். எந்தத் தைப்பூசம் என்று மார்க்கிரட் கேட்டுவைத்துக்கொண்டார்.

தங்கரத்தினத்துக்கு ஒரு பள்ளித் தோழர் உண்டு. சண்முகரத்தினம் என்று பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரிய விடுதிக்கு இதே மாதிரி கற்படுகை கட்டியிருந்தார். புதுக் கல்லில் தண்ணீர் சுத்தமாகவில்லை என்று, வேறொரு பழைய படுகையிலிருந்து பழுப்புப் பாசியைச் சுரண்டி வாளியில் கொண்டுவந்து தன் கல்லில் ஊற்றினாராம். முதல் புட்டியிலேயே அனுமதி. இந்தச் செய்தி வந்த அன்று தங்கரத்தினம் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவன் தண்ணீர் சுத்தம் பண்ணவில்லை, தயிர் தோய்க்கிறான் என்றார். பக்கத்து வீட்டில் உறைமோர் கடன் வாங்குகிற பொம்பிளை மாதிரி வாளியோடு அலைகிறானே, விஞ்ஞானம் படித்தவன் செய்கிற வேலையா என்றார். அன்றிலிருந்து சண்முகரத்தினத்துக்குத் ‘தயிர்க்காரன்’ என்று பெயர். கிள்ளானிலிருந்து அம்பாங் வரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் தங்கரத்தினம்தான்.

எங்கள் கற்படுகையும் சும்மா இருக்கவில்லை. மாதக்கணக்கில் தண்ணீர் ஓடி, கல்லெல்லாம் பழுப்பாக, வழுவழுப்பாக ஆகிவிட்டது. அதிகாரி வருகிற வாரம் தங்கரத்தினம் அதைப் பார்த்து முகம் சுளித்தார். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அண்டாவைப் பாசியோடா வைப்பார்கள்? வாய்க்கால் ஆட்களின் தலைவர் கன்னையாவைக் கூப்பிட்டார். கல்லை எல்லாம் வெளியே எடுத்து, தேங்காய் நார் போட்டு, பினாயில் விட்டுத் தேய்க்கச் சொன்னார். சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. வேலை முடிந்தபோது கல் ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை போல இருந்தது.

“ஐயா, கல்லுக்கு எல்லாம் புது வேட்டி எடுத்தாச்சுங்களா?” என்று கன்னையா கேட்டார். தங்கரத்தினம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அதிகாரி வந்தார். வெயிலில் மின்னிய கல்லை வெகுநேரம் பார்த்தார். புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அதே புட்டியோடு திரும்பி வந்தார். அது வெறும் தண்ணீர் போல வெளுத்திருந்தது. கல்லில் குடியிருந்தவர்களை எல்லாம் எங்கே அனுப்பிவிட்டீர்கள் என்று அவர் கேட்டதாக டிரஸர் தம்பு சொன்னார். அழுக்கைத் தின்பது கல் இல்லை, கல்லில் வாழ்கிற பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்தான். அவற்றைத்தான் நாங்கள் பினாயில் விட்டுக் கழுவியிருந்தோம். அவை தானாக மறுபடி வளர இன்னொரு மழைக்காலம் போகும். அடுத்த புட்டி தைப்பூசத்துக்கு முந்தின வாரம் என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறினார்.

அன்று மாலை மார்க்கிரட் கற்படுகைப் பக்கம் வந்து நின்றார்.

“மிஸ்டர் தங்கரத்தினம், உங்கட கல்லில இலை போட்டுச் சோறு சாப்பிடலாம். என்ட பிள்ளைத்தாச்சியள்தான் இன்னும் வராந்தாவில கிடக்கினம்.”

தங்கரத்தினம் டையைச் சரிசெய்துகொண்டு, தைப்பூசம் இன்னும் வரவில்லையே என்றார்.

அடுத்த புட்டி கடைசி வரை நீலமாகவே நின்றது. அனுமதி வந்தது, பூட்டு திறந்தது, முதல் கட்டிலில் இராஜம்மா என்ற, பால்மரம் சீவுகிற ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இதைத் தங்கரத்தினம் இன்றும் விரிவாகச் சொல்வார். சொல்லும்போது நடுவில் ஒரு சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை காலை, கோலாலம்பூரில் ஒரு கலியாணம் என்று சொல்லிவிட்டு அவர் ரயில் ஏறினார். கையில் பெரிய பால் தூக்கு. கலியாணத்துக்கு ஏன் பால் தூக்கு என்று கேட்கிற துணிச்சல் ஒருவருக்கும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் சண்முகரத்தினம் கதவைத் திறந்தார். டையைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார்.

“தயிர்க்காரன்ட வீடு இதுதான் எண்டு ஆர் சொன்னது, மச்சான்?”

“ஊரெல்லாம் சொல்லுது” என்றார் தங்கரத்தினம்.

ஊருக்குச் சொன்னது யார் என்று இருவருக்கும் தெரியும். சண்முகரத்தினம் உள்ளே போய்க் கரண்டியை எடுத்துவந்தார். இருவரும் விடுதிக் கற்படுகை ஓரம் குந்தி, தூக்கு நிறையப் பாசி சுரண்டினார்கள். கூடவே ஒரு தேநீரும் கொடுத்து அனுப்பினார். தூக்கில் உறைவது எருமைப் பாலா பசும்பாலா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தூக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன தம்பி, உறைமோரா?”

தங்கரத்தினம் தூக்கின் மூடியை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு, “ஓம்” என்றார்.

“வெயில் படுது பாருங்க. சூடு ஏறுனா வீணாப் போயிரும்லா.”

அவர் கோட்டைக் கழற்றித் தூக்கின் மேல் போர்த்தினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நேராகக் கற்படுகைக்குப் போனார். டையின் நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பாசியைக் கையால் அள்ளி, ஒரு கல்லும் விட்டுப்போகாமல் தெளித்தார். தூக்கைக் கழுவிய தண்ணீரையும் வீணாக்கவில்லை. ஈரச் சாக்கால் படுகையை மூடினார். தூரத்தில் நின்ற கன்னையாவைப் பக்கத்தில் அழைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ஆரும் கல்லை அசைக்க வேண்டாம். அசைச்சால் உறையாது.”