ஐந்தாம் தரத்து வாசல்

2023இல் புது வகுப்புத் தொடங்கிய முதல் நாள், கற்பிட்டிக் கரையோரத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஐந்தாம் தர வாசலால் நுழைந்த பதினான்கு பிள்ளைகளும் இரண்டாம் தர வகுப்புக்குள் போய் நின்றார்கள். வெளியே வந்து மறுபடி நுழைந்தாலும் அதே கதைதான். மூன்று நாள் பார்த்துவிட்டு, கட்டடம் பழையது என்று வகுப்பாசிரியை மக்டலின் மேலிடத்துக்கு எழுதினார். கொரோனாவுக்குப் பூட்டியபோது அந்தப் பிள்ளைகள் இரண்டாம் தரத்தில்தான் இருந்தார்கள் என்பதை முதலில் சொன்னவள், உப்பளத்தில் வேலை செய்யும் உம்மு குல்சூம். அவளுடைய மகள் ஷஸ்னாவும் அவர்களில் ஒருத்தி. ஃபோனில் நடந்த பாடம் ஃபோன் இல்லாத அந்த வீட்டுக்கு வரவேயில்லை. வகுப்பேற்றியதாக அட்டை மட்டும் தவறாமல் வந்தது.

மே மாதம் ஓர் அதிகாரி வந்தார். அவர் தடையில்லாமல் ஐந்தாம் தரத்துக்குள் போய், வெறும் கதிரைகளைப் பார்த்துப் பதினான்கு பெயர்களையும் கூப்பிட்டார். பள்ளியை விட்டு இடைவிலகியோர் என்று எழுதினால் பள்ளிக்கூடத்தின் புலமைப் பரிசில் பரீட்சைப் பெறுபேறு இறங்காது என்றார்.

“புள்ளைகள் அடுத்த ரூமில ஈக்கிறாங்க சேர்,” என்றாள் உம்மு குல்சூம்.

“அஞ்சாம் தரத்துக்கு ரெண்டாம் தரப் பாடம் படிப்பிக்கச் சுற்றுநிருபம் இல்ல, தங்கச்சி.”

“ஸ்கூலப் பூட்டினது நீங்க. பூட்டின ஸ்கூலுக்குள்ள வருஷம் மட்டும் எப்புடி ஓடின? என்ட புள்ளைக்கு அவட பேர வாசிக்க ஏலா. அவ அஞ்சாம் வகுப்பெண்டு எழுதினீங்க. இப்ப ஆளே இல்லையெண்டு எழுதப் போறீங்களா?”

அவர் கையிலிருந்த, பெயர் கூப்பிட்ட இடாப்பைப் பறித்து, இரண்டாம் தரத்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மற்ற உம்மாமாரும் வந்து சூழ உட்கார்ந்தார்கள். பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஒருத்தியும் எழும்பவில்லை. இடாப்பில்லாமலே அதிகாரி போனார். மக்டலின் சோக்கை எடுத்து ‘அ’ எழுதினார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷஸ்னா இரண்டாம் தரப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு அதே ஐந்தாம் தர வாசலால் திரும்பியவள் மூன்றாம் தரத்துக்குள் நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராய் நகர்ந்தார்கள். இருவர் மட்டும் அதற்குள் மீன்பிடி வேலைக்குக் கடலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு எந்த வாசலும் உதவவில்லை. கற்றலை மீட்டதாக மேலிடம் அறிக்கை வெளியிட்ட நாளில், அந்த இருவரின் பெயரையும் சொல்லி உம்மு குல்சூம் காறித் துப்பினாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஷஸ்னா ஐந்தாம் தரத்துக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முழங்கால் மேசையில் இடித்தது. இப்போது அங்கே ஐந்தாம் தரத்துக் கதிரை மேசைகள்தான் எல்லாவற்றிலும் உயரம். பள்ளிக்கூடத்தில் கொத்து வேலை பார்க்கும் பஸ்தியான் மேசன்பாஸிடம் கேட்டால், தான் தச்சரைக் கூட்டிக்கொண்டு வருடாவருடம் வந்து, பிந்தி நுழையும் பிள்ளைகளின் காலை மேசைக்காக அளந்து போவதாகச் சொல்வார்.