மேற்குக் கரை மணல்

பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கிற எங்கள் கிரிபாஸ் (கிரிபாட்டி) நாட்டில் தென்னை ஏறிக் கள் இறக்குகிறவன் பாடிக்கொண்டே இறக்க வேண்டும். மேலே ஆள் இருப்பது கீழே கிணற்றடியில் குளிக்கிற பெண்களுக்குத் தெரிவதற்காக என்பார்கள். பாட்டுக்கு மயங்கிப் பாளை கூடுதலாகச் சுரக்கும் என்றும் சொல்வார்கள். கவுரே இரண்டையும் நம்பினார். ஆனால் தீவுக் கவுன்சிலுக்கு மேயரான பிறகு அவர் மரத்தில் கூடுதல் நேரம் உட்கார்ந்து பாடியதற்குக் காரணம் வேறு. அங்கே இருக்கும்வரைதான் யாரும் வந்து அவரிடம் எதுவும் கேட்க முடியாது.

அன்று காலை அதற்கும் வந்தது கேடு.

"டேய் கவுரே! கொஞ்சம் நிறுத்துடா. மீனெல்லாம் பயந்து ஆழத்துக்கு ஓடிப் போயிடப் போவுது!"

கீழே தோவகாய் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையைத் தென்னையில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்தாலே அவருக்கு இளைக்கும்.

"வாடா. இந்தப் பாளையைச் சீவிட்டு இறங்கறேன். கள் குடிச்சுட்டுப் போ."

"வேணாம், இறங்காத. மூஞ்சியப் பாத்துக் கேக்க வெக்கமா இருக்கு. நீ அங்கயே இரு. நான் இங்கேர்ந்தே கேட்டுடறேன்." தோவகாய் தொண்டையைச் செருமினார். "ஒரு புபுசி."

கவுரேவின் கத்தி அந்தரத்தில் நின்றது.

புபுசி என்று சொல்லி உறவோ நட்போ ஒன்றைக் கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் மறுப்பு கிடையாது. மீன் கேட்டால் மீன், சைக்கிள் கேட்டால் சைக்கிள். இல்லை என்றவனை ஊர்க்கூடத்தில் மென்று துப்பிவிடுவார்கள். கவுரேவின் அப்பா காலத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தது! அவருடைய பெட்ரோமாக்ஸ் விளக்கை யாரோ கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களிடம் இன்னொருவர் கேட்டார். ஊரெல்லாம் கல்யாணம், கருமாதி பார்த்துவிட்டு அது ஒரு நாள் புதுக் கண்ணாடியோடு வீடு திரும்பியது. அப்பா அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கவுரேவின் கண்ணில் நிற்கிறது. எங்கள் தீவுக் கடையில் அந்தக் காலத்தில் பூட்டு விற்றதில்லை. வாங்க ஆள் இல்லை.

"என்னடா வேணும்?" என்றார் கவுரே, மேலிருந்தே.

"மணல். மேற்குக் கரையில."

உச்சியில் இருந்து பார்த்தால் எங்கள் தீவின் கதை முழுவதும் தெரியும். இந்தப் பக்கம் பச்சையாகக் காயல், அந்தப் பக்கம் கருநீலமாகப் பெருங்கடல், நடுவில் தென்னை நிற்க மட்டும் ஒரு கீற்று நிலம். அந்தக் கீற்றும் மேற்கே தாழ்ந்து போகிற இடத்தில், காற்றும் அலையும் காலங்காலமாகச் சேர்த்து வைத்த மணல்மேடு ஒன்று உண்டு. அதற்குப் பின்னால்தான் பபாய்க் குழிகள். நிலத்தடி நல்ல நீர் வரைக்கும் ஆழமாகத் தோண்டி, இலை மட்கைப் போட்டு வளர்க்கிற எங்கள் கிழங்கு அது. அதற்கும் பின்னால் மருத்துவமனைக் கிணறு. மேடு போனால் உப்பு உள்ளே வரும். அதனால்தான் அங்கே ஒரு கைப்பிடி மணலும் அள்ளக் கூடாது என்று கவுன்சில் தடை போட்டது. போட்டவர் கவுரேவேதான்.

"அங்க தடைடா."

"தெரியும். நீ போட்ட தடைதானே, அதான் உன்கிட்ட வந்தேன். பொண்ணு நியூசிலாந்துலேர்ந்து சிமெண்ட் அனுப்பிச்சிட்டா. ஈஸ்டருக்கு மாப்பிள்ளையோட வர்றா. கல்வீடு கட்டி வை அப்பான்னு எழுதியிருக்கா. சிமெண்ட் மூட்டை இந்த ஈரக் காத்துல எத்தனை நாள் தாங்கும்? காயலுக்கு அந்தாண்டை திட்டுல எடுக்கலாம்தான். ஆனா தோணியில போய், அள்ளி, ஏத்தி, இறக்கி... என் மூச்சுக்கு ஆகற வேலையா சொல்லு."

அந்த மூச்சுதான் கவுரேவின் வாயைக் கட்டியது.

தலைநகர் தாராவாவில் மாலுமிப் பள்ளியை முடித்து இருவரும் ஒரே ஜெர்மன் கப்பலில் ஏறியபோது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. குளிர் என்பதை அதற்கு முன் அவர்கள் கவுன்சில் ஐஸ் பெட்டியில் மட்டும்தான் தொட்டுப் பார்த்திருந்தார்கள். ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்பிய ஜனவரியில், வடகடலில், கயிறெல்லாம் பனிக்கட்டியாக இறுகியிருந்த ஒரு காவல் நேரத்தில், கவுரே ஒரு நிமிஷம் கழற்றி வைத்த குளிர்க்கோட்டை அலை கொண்டு போயிற்று. பல் தந்தியடிக்க, பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்: "தோவகாய், புபுசி. உன் கோட்டு." தோவகாய் பொத்தானைக் கழற்றினார், கொடுத்தார். மீதிக் காவலை வெறும் சட்டையோடு முடித்தார்.

அடுத்த துறைமுகத்தில் நிமோனியா என்று அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நுரையீரல் கெட்டவனுக்குக் கப்பலில் வேலை இல்லை என்று கம்பெனி ஊருக்கு அனுப்பிவிட்டது. கவுரே மட்டும் உலகம் சுற்றினார். அவர் வீட்டுத் தகரக் கூரை, இயந்திரத் தோணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தக் கப்பல் சம்பளத்தில் வந்தவை. அவர் கடலில் இருந்த அத்தனை வருஷமும் அவருடைய அம்மாவின் பபாய்க் குழிக்கு இலை பறித்துப் போட்டு வளர்த்தவர் தோவகாய். பதிலுக்கு ஒரு தூண்டில் முள்கூடக் கேட்டதில்லை.

கேட்டது இன்றுதான்.

"எடுத்துக்கோடா" என்றார் கவுரே. "கொஞ்சமா எடு. ஓரமா எடு."

விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி தபேரா மீன் கழுவிய கையோடு வாசலுக்கு வந்தாள்.

"கொடுத்துட்டீங்களாமே? ஏன், மேற்குக் கரை உங்க அப்பா வாங்கிப் போட்ட இடமா?"

"நீ அந்தக் கப்பல்ல இல்ல தபேரா. உனக்குத் தெரியாது."

"எனக்குக் கப்பல் தெரியாதுதான். கரை தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தோவகாய் யோக்கியர், ஓரமாகத்தான் எடுத்தார். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வாரம் கவுரேவின் மைத்துனன் வந்து நின்றான். "மச்சான், புபுசி. பன்னிக் கொட்டகைக்குக் கொஞ்சம் தரை போடணும்." நண்பனுக்குக் கொடுத்துவிட்டு மச்சானுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அதன் பிறகு சர்ச்சுக்காரர்கள் வந்தார்கள். தேர்தலில் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் வந்தார்கள். கடைசியில் கேட்காமலே எடுக்க ஆரம்பித்தார்கள். காலையில் தென்னை மேல் இருந்து பார்த்தால், மேற்குக் கரையில் கைவண்டிகள் வரிசையாகப் போய்வந்தன. கவுரே முகத்தைக் காயல் பக்கம் திருப்பிக்கொண்டு பாடினார்.

அந்தச் சமயத்தில் தலைநகரில் ஒரு பெரிய கூட்டம். கவுரே போய்ப் பேசினார். "கடல் ஏறுதுன்னா அது எங்க தப்பு இல்ல. தொலைதூரத்துப் பணக்கார நாட்டுப் புகைக்கு எங்க பிள்ளைங்க ஏன் மூழ்கணும்?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேடியோவில் வந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது கைவண்டிகளை மட்டும்தான்.

பிப்ரவரி மாதப் பெருவெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. பௌர்ணமிக்குக் கடல் பொங்கி மேட்டின் மார்புவரை வந்து முட்டிவிட்டுப் போகும். சின்ன வயதில் கவுரேவும் தோவகாயும் அந்த மேட்டில் உட்கார்ந்து கால் நனைப்பார்கள். அலையைத் திட்டினால் திரும்பிப் போகும் என்று அவர்களுக்கு நினைப்பு. இந்த முறை மேற்கிலிருந்து காற்றும் சேர்ந்தது. கடல் வந்தபோது அதைத் தடுக்க மேடு இல்லை. பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் பபாய்க் குழிகளுக்குள் சாவதானமாக இறங்கியது.

வெள்ளம் வடிந்து சில நாளில் இலைகள் மஞ்சளாகின. அப்புறம் கருகின. மருத்துவமனைக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியவில்லை. கவுரே அம்மாவின் குழிக்குப் போனபோது, சேற்றில் தோவகாய் முழங்கால் அளவு நின்று ஒரு கிழங்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். தொட்டால் கூழாகிவிடும் போல இருந்தது.

"உங்க அம்மா போறதுக்கு முன்னாடி நட்டது இது" என்றார். "நீ கடைசியா கப்பலேர்ந்து வந்தப்ப விருந்துக்கு வெட்டலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் இன்னும் பெருக்கட்டும்னு தடுத்தேன்."

கவுரேவுக்கு அழுகை வந்தது. அழுதார். ஐம்பத்தைந்து வயதில் மேயர் ஒருவர் குழிக்கரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து அந்தப் பக்கமாக வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள்.

அந்த வாரமே ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பெரிய ஓலைக் கூரைக்கு அடியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஓர் இடம் உண்டு. அவரவர் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் நாரே கூட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

"அரசாங்கத்துக்கு எழுதணும். வெளிநாட்டுக்காரங்க சுவர் கட்டித் தரணும். மேயர்தான் நல்லாப் பேசுவாரே."

"இந்தத் தடவை பேச மாட்டேன்" என்றார் கவுரே. "கடல் ஏறுறது அவங்களால. கதவைத் திறந்து விட்டது என்னால. தடை போட்டதும் நான், உடைச்சதும் நான். அதனால மேயரா எதுவும் உத்தரவு போட எனக்கு மூஞ்சி இல்ல. வெறும் கவுரேவா கேக்கறேன்." பாயில் இரண்டு கையையும் விரித்து வைத்தார். "இந்தத் தீவுக்காக ஒரு புபுசி. யார் வீட்டுல மேற்குக் கரை மணல் இருக்கோ, குவியலா இருந்தாலும் சரி, கல்லா அறுத்து வெச்சிருந்தாலும் சரி, கொடுங்க. மேட்டைத் திரும்ப எழுப்பணும்."

தனக்காகக் கேட்பவனைத்தான் ஊருக்குத் தெரியும். தீவுக்காக யாரும் புபுசி கேட்டு ஊர் பார்த்ததில்லை. கேட்டபின் இல்லை என்று சொல்ல வழியும் இல்லை.

"அதுக்காக எழுப்பின சுவத்தையா இடிக்கச் சொல்றீங்க?" என்று முணுமுணுத்தான் மைத்துனன்.

எல்லோர் கண்ணும் தோவகாய் பக்கம் திரும்பியது. இடுப்பளவு எழும்பி நின்றது அவர் சுவர்தான். முதலில் மணல் எடுத்தவரும் அவர்தான். அவர் சிறிது நேரம் இருமினார்.

"எம்பொண்ணு ஓலை வீட்டுலதான் பொறந்தா. வந்து ஓலை வீட்டுலயே படுக்கட்டும். மாப்பிள்ளைக்குக் காத்தாவது வரும்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கவுரேவை நேராகப் பார்த்தார். "நான் உன்கிட்ட அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா நீயும் ஒண்ணு நெனைச்சுப் பாருடா. அன்னிக்குக் கப்பல்ல நீ கேட்டப்ப நான் கழட்டிக் கொடுத்தது என்னோட கோட்டு. பக்கத்துல தூங்கிட்டிருந்தவன் கோட்டை உருவிக் கொடுக்கல."

கவுரே தலையைக் குனிந்துகொண்டார். வடகடல் குளிர் இத்தனை வருஷம் கழித்து அந்த உச்சி வெயில் நேரத்தில் அவர் உடம்பில் ஏறியது.

சாயங்காலத்துக்குள் தோவகாயின் சுவர் இறங்கிவிட்டது. முதல் கல்லை அவரே எடுத்துக் கொடுத்தார். பன்றிக் கொட்டகைத் தரையை மைத்துனன் முனகிக்கொண்டே பெயர்த்தான். சர்ச்சுக்காரர்கள் பாடிக்கொண்டே குவியலைத் திருப்பிக் கொட்டினார்கள். மேடு பழைய உயரத்துக்கு வரவில்லை. பபாய்க் குழிகளில் உப்பு கழுவிப் போய் மறுபடி நடுவதற்கு இன்னும் எத்தனை மழை வேண்டுமோ, யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை தென்னையில் பாட்டுச் சத்தம் இல்லை. பாட்டு காயலில் இருந்து வந்தது. கவுரேவின் இயந்திரத் தோணி, விளிம்புவரை மணல் மூட்டையோடு, அந்தாண்டைத் திட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. தோவகாய் கரையில் நின்று வாய் பிளந்து பார்த்தார்.

"இது எதுக்குடா?"

"உன் வீட்டுக்கு. ஈஸ்டருக்குள்ள ஒரு அறையாவது எழுப்பிடலாம்."

"மேயர் மூட்டை தூக்கறாரு, ஊரே வேடிக்கை பாக்குது. முதுகு உடைஞ்சிடும்டா!"

கவுரே மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"உடையட்டும், இது என் முதுகு. அந்தத் தோணி என்னுது. அன்னிக்கு மரத்து மேல நான் உனக்குக் கொடுத்திருக்க வேண்டியது இந்த ரெண்டையும்தான். கஷ்டப்படச் சோம்பேறித்தனம், ஊர் சொத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு அன்புன்னு பேர் வெச்சேன். எனக்குச் சொந்தமானதை என்ன வேணும்னாலும் கேளு, தர்றேன். ஊருக்குச் சொந்தமானதை யாருக்கும் தர்றதுக்கு நான் யாரு?"