கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டாம் கட்டம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தப்பான பந்தியில். குற்றாலத்தில் ஒரு விடுதி. மாடியில் மச்சினன் மகளுக்கு நிச்சயதார்த்தம், கீழே ஏதோ கருத்தரங்கு. பசி அவசரத்தில் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். பாயசம் வரும்போதுதான் பேனரைப் பார்த்தேன்: ‘எல்லை கடந்த நிலைத்த நகர்ப்புற மேம்பாடு: உள்ளாட்சிகளின் அனுபவப் பகிர்வு.’ இந்தப் பக்கத்துப் பேரூராட்சிகள் சில, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து நகரசபைகள் சில. எழுந்து போயிருக்கலாம். எதிரே ஒரு பெண் இலையில் கையே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதனால் இருந்துவிட்டேன்.

மீதியெல்லாம் என் கற்பனை. அவளுக்கு ஜுஹைனா என்று பெயர் வைத்தேன். வார்டு மெம்பர். ஊரைச் சொல்ல மாட்டேன். வடகரை என்றால் வடகரைக்காரர்களும், இலஞ்சி என்றால் இலஞ்சிக்காரர்களும் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். சண்டை போடும் வயசு எனக்குப் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் ஜுஹைனா...’

வேண்டாம். குப்பையைப் பற்றி எழுதப்போகிறவனுக்குச் சாரல் எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: ‘குப்பைக் கிடங்குக்கு...’ அப்படிச் சொல்லக் கூடாதாம். ‘வளம் மீட்புப் பூங்கா’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதில் பூ ஒன்றுகூடக் கிடையாது.

சரி, நேராகவே சொல்கிறேன். கேரள நகரசபை ஒன்று குப்பையை உரமாக்கக் கொட்டகை கட்டிப் பேர் வாங்கியது. அதைப் போய்ப் பார்த்துவந்து, ஜுஹைனாவின் பேரூராட்சியும் அவள் வார்டில் ஒன்று கட்டியது. வார்டுக்கே குடிதண்ணீர் தரும் கிணற்றுக்கு மேற்கே, மேட்டில். முதல் மழையிலேயே குப்பைச் சாறு கிணற்றில் இறங்கிவிட்டது. இப்போது இரண்டாம் கட்டமாம். கொட்டகையை இரண்டு மடங்காக்கப் போகிறார்கள். அதற்கு அந்த வார்டு மெம்பரே மேடையேறி, திட்டம் வெற்றி என்று சொல்ல வேண்டும். சொன்னால் கிணறு போச்சு. சொல்லாவிட்டால்...

3

சொல்லாவிட்டால் என்ன என்பதற்காகத்தான் முப்பிடாதியைக் கொண்டுவந்தேன். கொட்டகையில் குப்பை பிரிக்கிறவள். வீடு கிணற்றை ஒட்டியே இருக்கிறது. இவள்தான் முதலில் சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். கதை என் காலை வாரிவிட்டது.

“மெம்பரக்கா, மேடையில கிணத்தப் பத்தி வாயே தொறக்காதீங்க,” என்றாள், கருத்தரங்குக்கு முந்தின நாள் ஜுஹைனாவின் வீட்டு வாசலில் நின்று.

“தண்ணி நாறுதுன்னு மொதல்ல வந்து சொன்னதே நீதான முப்பிடாதி?”

“இப்பவும் நாறத்தான் செய்யுது. அடுத்த கட்டம் வந்தா எங்க வேலைய நெரந்தரமாக்குதோம்னு இ.ஓ. சார் சொல்லுதாரு. தண்ணிய வேற எங்கனயாவது போயிப் புடிச்சுக்கிடுவேன். வேலைய எங்கன போயிப் புடிக்க?”

“ஒம் பிள்ள வயித்தால போயிக் கெடந்ததெல்லாம் மறந்துபோச்சா?”

“மறப்பனாக்கா? அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட இந்த வேலைதான் ஒதவுச்சு.”

முப்பிடாதியைக் கொஞ்சம் விவரமில்லாதவளாக ஆக்கிவிடலாமா என்று யோசித்தேன். வாசகர் பரிதாபப்படுவார், எல்லோருக்கும் நிம்மதி. பிறகு சீ என்றாகிவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும்.

(இ.ஓ. என்றால் செயல் அலுவலர், காந்திமதிநாதன். இவரை வில்லனாக்க ஆன மட்டும் பார்த்தேன். மனுசன் மரியாதையாகவே பேசித் தொலைக்கிறார்: “மூணே நிமிசம் மேடம். நம்ம கொறைய ஊருக்குள்ள பேசிக்கிடுவோம்.” இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு யாரை வெறுப்பது?)

4

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் ஜாய் நின்றார். மலைக்கு அந்தப் பக்கத்து நகரசபைத் தலைவர். முதல் கொட்டகை அவருடையதுதான்.

“சார், ஒங்க ஊர்க் கிணத்துக்கு என்ன வழி செஞ்சீங்க?” என்று கேட்டாள் ஜுஹைனா.

ஜாய் சுற்றுமுற்றும் பார்த்தார். “என்ன செய்யான்? நாட்டுக்காரு வந்து ஷெட்டையே பூட்டிக் களஞ்ஞு.” ஊர்ஜனங்களே வந்து கொட்டகையை இழுத்துப் பூட்டிவிட்டார்களாம்.

“பெறகு இங்கன எதுக்கு வந்தீங்க?”

“உங்க ஊர்ல நல்லாயிட்டு நடக்குதுன்னு ரிப்போர்ட்டுல கண்டு. அது எப்படின்னு படிக்கான் வந்தேன்.”

ஆக, அவர்களைப் பார்த்து நாம், நம்மைப் பார்த்து அவர்கள். இந்தக் கூத்துக்குப் பெயர் அனுபவப் பகிர்வு. வந்த ஆத்திரத்தில் இந்தப் பகுதியை நான் பலமுறை கிழித்துப் போட்டேன். வேறு மாதிரி எழுத வரவில்லை.

5

முடிவு ஒன்று. ஜுஹைனா உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. என்ன நேர்மை என்று பாராட்டி, அவள் சொன்னதை ‘கற்ற பாடங்கள்’ என்ற தலைப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அடுத்த ஊர்க் கருத்தரங்கில் இதையே வந்து பேசச் சொல்கிறார்கள். இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைக்கிறது. அதுதான் பாடம் கற்றுக்கொண்டாயிற்றே.

முடிவு இரண்டு. பொய் சொல்கிறாள். கைதட்டல் கொஞ்சம் குறைவு. இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைக்கிறது.

மூன்றாவதாக, அவள் மைக்கைப் பிடித்தபடி ஒன்றுமே பேசாமல்... இல்லை. இது என்னைப் போன்றவர்கள் தப்பித்து ஓடும் சந்து.

6

எந்த முடிவை எடுத்தாலும் சாயங்காலம் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். முப்பிடாதியின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“உள்ள வாங்கக்கா. மூஞ்சியே வாடிப்போயி இருக்கு. தண்ணி குடிங்க.”

மேடையில் என்ன பேசினாள் என்று முப்பிடாதி கேட்கவில்லை. செம்பை நீட்டுகிறாள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்தான். ஆனாலும் அந்த வாடை போகவில்லை.

இந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அதற்குக் காரணம் கிணறு இல்லை. கிணறு சுத்தமாக இருந்த காலத்திலும் அந்தத் தெருவில் அவர்கள் குடித்ததில்லை. ஓட்டுக் கேட்டு வந்த நாளில் ஜுஹைனா குடித்தாள். அதை முப்பிடாதி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வாங்கிக் குடித்தாளா, வேண்டாம் என்றாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தச் செம்பை முப்பிடாதி உங்களிடம் நீட்டியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ, அதையே ஜுஹைனாவும் செய்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.