ஒன்பது லட்சம் படகு

"இண்டைக்குக் காலமை தாழ்வுபாட்டில ஒன்பது லட்சம் படகு கட்டினனான், மிஸ். தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள."

செபஸ்தியம்மா இதைச் சொன்னது மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டின் கோயில் வாசலில் என்றால் சனம் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அவர் சொன்னதோ விசாரணைக் கந்தோரில், அதிகாரி ஜெயனியின் மேசைக்கு முன்னால், தம்பி றெனால்டின் படகு திரும்பி வருமா, ஏலத்துக்குப் போகுமா என்று தெரியாத நேரத்தில்.

ஜெயனி பேனையை வைத்தார். "அண்ணை, உங்கட அக்கா சொல்லுறது உண்மையோ?"

றெனால்டுக்கு வாயில் பூட்டுக் கிடையாது. "மிஸ், அவ சொல்லுறதில பாதியைக் கழியுங்கோ. மிச்சத்திலயும் பாதியைக் கழியுங்கோ. அதுக்குப் பிறகும் யோசிச்சுத்தான் நம்போணும்."

பிறந்த நாளிலிருந்து அவன் செய்து வரும் தொழில் இதுதான். கடற்றொழில் பிறகு வந்தது. கீரிக் கடலில் அக்கா பஸ் அளவு ஆமையைக் கண்டால், அவன் அதைச் சைக்கிள் அளவாக்குவான். கொழும்பில் அரசாங்கக் கொம்பியூட்டர் பிரிவில் முப்பது வருசம் வேலை செய்த காலத்தில் தான் எழுதாத புரோகிராம் இந்த நாட்டில் ஓடவில்லை என்று அக்கா சொன்னால், அவன் கொட்டாவி விடுவான். ஆனால் இன்றைக்கு அந்த வாய் திறந்த நேரம் சரியில்லை. செபஸ்தியம்மா மேசைக்குக் கீழே அவன் காலில் ஒரு மிதி கொடுத்தார். மிதியில் மிகைப்படுத்தல் எதுவும் இருக்கவில்லை.

சங்கதி இதுதான். றெனால்டின் படகு தடை செய்த இடத்தில் கடலட்டை பிடித்தது என்று பிடித்துக் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு அவன் நின்றது வேறு பக்கம். எங்கே நின்றான் என்று படகிலிருந்த ஜி.பி.எஸ். பெட்டிக்குத் தெரியும், ஆனால் பெட்டி கடல்தண்ணி குடித்துச் செத்துவிட்டது. நல்லகாலம், தாழ்வுபாட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகு கரைக்கு வந்து மீன் தராசில் ஏறும்போதே பெட்டியின் கார்ட்டை மீனவர் சங்கத்துக் கொம்பியூட்டரில் போட்டு, போய் வந்த பாதையைப் பதிந்துவிடுவார்கள். றெனால்ட் அந்தக் கோப்பைத் தன் போனில் ஜெயனிக்கு அனுப்பினான். போய்ச் சேர்ந்தபோது கோப்பின் திகதி, அனுப்பிய நாளின் திகதியாக மாறியிருந்தது.

"இது நேற்றுப் பிறந்த கோப்பு, அண்ணை," என்று முதல் நாள் சொல்லியிருந்தார் ஜெயனி. "எப்ப எழுதினது, ஆர் எழுதினது எண்ட விபரம் கலையாமல் கொண்டு வாங்கோ. நாளைக்கு மத்தியானத்தோட நான் விசாரணையை மூடோணும்."

இன்று காலையில் அக்காவும் தம்பியும் சங்கத்துக்குள் நுழைந்தபோதே கொம்பியூட்டரின் வன்தட்டு, கருவாட்டுக்குள் அகப்பட்ட வண்டு போல டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. உப்புக் காற்று அதற்குப் பரலோக வழியைக் காட்டிவிட்டது. கழற்றி ஓட்டோவில் கொண்டு போனால் முதல் பள்ளத்திலேயே உயிர் போய்விடும். திகதி கலையாமல் கோப்புகளைப் பொதி கட்டும் வழக்கமான புரோகிராமைச் செயலாளர் கலாராணி முதல் நாளே முயன்று பார்த்திருந்தாள். கெட்டுப்போன முதல் கோப்பிலேயே அது முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

"அப்ப நான் எழுதுறன்," என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார் செபஸ்தியம்மா.

"அக்கா, என்ர படகின்ர கோப்பு மட்டும் எடுத்தால் காணும்," என்றான் றெனால்ட்.

"ஒரு படகுக்காக நான் விசைப்பலகையில கை வைக்கிறதோ? சங்கம் முழுக்க எடுக்கிறன், பார்!"

அங்கேதான் பெருமை வினையாக முளைத்தது.

அவர் எழுதியது சின்னச் செய்நிரல். ஒரு பங்ஷன் வன்தட்டிடம் போய், ஒவ்வொரு கோப்பையும் திறக்க முன்னம் அதன் விபரத்தை மட்டும் கேட்கும்: பெயர் என்ன, பருமன் எவ்வளவு, சொந்தக்காரர் யார், கடைசியாக எழுதிய நேரம் எது. அதைப் பொதியில் எழுதிவிட்டுப் பிறகுதான் உள்ளேயிருப்பதை அள்ளும். அள்ள முடியாவிட்டால் அழாமல் அடுத்ததற்குப் போகும். எங்காவது வேறொரு கோப்புறைக்குப் போகும் இணைப்பைக் கண்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு கேள்வி இருந்தது. 'இது இன்ன இடத்துக்குப் போற வாசல்' என்று எழுதிவிட்டு நகரலாம். அல்லது வாசலுக்குள் நுழைந்து அள்ளலாம்.

"நுழை," என்று எழுதினார் செபஸ்தியம்மா. வாசலைக் கண்டு நுழையாமல் போகிற பழக்கம் அவருக்கு வாழ்க்கையிலேயே இல்லை.

பொதி போய் விழப் பென்டிரைவ் ஒன்றைச் செருகி, ஓட விட்டார். படகுக்கு ஒரு கோப்புறையாகத் திரையில் எண்ணிக்கை ஏறியது. முப்பது படகு. முந்நூறு. மூவாயிரம். வன்தட்டு டிக் டிக் என்றது.

"அக்கா," என்றான் றெனால்ட் மெதுவாக, "சங்கத்தில இருக்கிறது முப்பது படகுதானே?"

"பொறடா."

முப்பதாயிரம். ஒரு லட்சம். கலாராணி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். செபஸ்தியம்மாவின் தேத்தண்ணியில் ஆவி இன்னும் பறந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஐந்து லட்சம். வன்தட்டின் சத்தம் மாறி, இடையிடையே கத்தியைத் தீட்டுவது போல ஒரு இழுவை. நிறுத்தினால் மறுபடி ஓடுமோ தெரியாது. நிறுத்தாவிட்டால் இந்த ஓட்டத்திலேயே செத்துவிடும். உடம்பெல்லாம் வேர்த்து, அவர் சேலை கடலில் முக்கியெடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"கலாராணி, இந்தக் கோப்புறையளுக்குள்ள என்ன செய்து வச்சிருக்கிறாய்?"

"ஒண்டும் பிழையாச் செய்யேல்லை, அக்கா. பங்கு எப்பிடியோ அப்பிடித்தான். றெனால்ட் அண்ணை படகு போடுவார், ரொபின்சன் வலை போடுவார். அதால அண்ணையின்ர கோப்புறைக்குள்ள ரொபின்சன்ர கோப்புறைக்கு ஒரு வாசல், ரொபின்சன்ரைக்குள்ள அண்ணையின்ரைக்கு ஒரு வாசல். எல்லாருக்கும் அப்பிடித்தான். ஒருத்தருக்கு ரெண்டு மூண்டு பங்காளியும் இருக்கினம்."

தாழ்வுபாட்டில் படகு ஒருவருடையது, வலை இன்னொருவருடையது, எஞ்சின் மச்சானுடையது. அந்த ஒற்றுமையைக் கலாராணி அப்படியே கொம்பியூட்டருக்குள் கட்டிவிட்டாள். செபஸ்தியம்மாவின் செய்நிரல் றெனால்டின் படகுக்குள் நுழைந்து, அங்கிருந்து ரொபின்சனின் வலைக்குள் போய், வலைக்குள்ளிருந்து மறுபடி றெனால்டின் படகுக்கு வந்து, அதை வேறு படகென்று நினைத்து மறுபடி அள்ளியிருக்கிறது. பங்காளிக்குப் பங்காளி, வாசலுக்கு வாசல். கடைசி நாள் வரைக்கும் இது முடியாது.

"பெருமை பேசிப் பேசி என்ர படகை மூழ்கடிச்சுப் போட்டீங்கள்," என்றான் றெனால்ட். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

எண்ணிக்கை ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருக்க, அவர் நிறுத்தினார். டிக் டிக்கும் நின்றது. பிறகு, ஒரு இருமலோடு, வன்தட்டு மறுபடி சுழலத் தொடங்கியது.

செபஸ்தியம்மா 'நுழை' என்றதை அழித்து, 'வாசலை வாசலாக எழுது, உள்ளே போகாதே' என்று மாற்றினார். "சங்கம் முழுக்க வேண்டாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, றெனால்டின் கோப்புறையை மட்டும் காட்டினார். இந்தத் தடவை எண்ணிக்கை ஆமை போல நகர்ந்தது. பெயர். பருமன். சொந்தக்காரர். திகதி. அந்த நாளின் பாதைக்கோப்பில் வந்து நின்றுவிட்டது. விபரம் பதிந்தாயிற்று, உள்ளே இருப்பது வர மறுத்தது. டிக். டிக். கத்தி தீட்டும் சத்தம். றெனால்ட் கண்ணை மூடிக்கொண்டான். வரி வரியாக, வலை இழுப்பது போலக் கோப்பு ஏறி வந்தது. பொதி மூடிய கையோடு வன்தட்டு ஒரு நீண்ட விசில் அடித்துவிட்டு ஓய்ந்தது. இனிமேல் உலகத்தில் அந்தக் கோப்பு திகதி கலையாமல் முழுதாக இருக்கிற ஒரே இடம் அந்தப் பென்டிரைவ்.

அந்தப் பென்டிரைவைத்தான் இப்போது ஜெயனி தன் கொம்பியூட்டரில் போட்டு வைத்திருந்தார்.

"திகதி சரி," என்றார் ஜெயனி. "அந்தப் பின்னேரம்தான் எழுதியிருக்கு. சொந்தக்காரர் இடத்தில சங்கத்துப் பெயர்; நீங்கள் இல்லை. அதுவும் சரி." றெனால்ட் கதிரையில் நன்றாகச் சாய்ந்தான். "ஆனால் இதில இன்னொரு பொதியும் கிடக்கே?"

செபஸ்தியம்மா நாக்கைக் கடித்தார். முதல் பொதியை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒன்பது லட்சம் பிள்ளையைப் பெற்றுவிட்டு எந்தத் தாய் தூக்கி எறிவாள்?

ஜெயனி அதைத் திறந்தார். திரையில் படகுக்குள் வலை, வலைக்குள் படகு, படகுக்குள் வலை என்று இறங்கிக்கொண்டே போனது. அவர் முகம் இறுகியது. "அண்ணை, ஒரே பெயரில இத்தனை லட்சம் கோப்பு. போலியாச் செய்து பழகினது போலக் கிடக்கு. இது எப்பிடி வந்ததெண்டு தெரியாமல் மற்றதையும் நான் நம்பேலாது. அக்கா ஒரு கதை சொன்னவ. கால்வாசியும் உண்மையில்லை எண்டு நீங்களே சொன்னீங்கள்."

செபஸ்தியம்மா எதைச் சொன்னாலும் தம்பி போட்ட கழித்தல் கணக்கில் அடிபட்டுப் போகும். அவர் தம்பியைப் பார்த்தார்.

றெனால்ட் கதிரையை முன்னுக்கு இழுத்தான். "மிஸ், நான் படகு, என்ர பங்காளி வலை. சங்கத்தில எங்கள் ரெண்டு பேற்ற கோப்புறைக்கும் நடுவில வாசல் இருக்கு. அக்காவின்ர புரோகிராம் அந்த வாசலால போய் வந்து, போய் வந்து, ஒரே படகைத் திருப்பித் திருப்பி அள்ளினது. எந்தப் படகையும் திறந்து பாருங்கோ, எல்லாம் அச்சொட்டாய் ஒண்டுதான். போலி செய்யிறவன் திகதியையாவது மாத்தியிருப்பான்."

ஜெயனி ஒன்றைத் திறந்தார். நூறு தட்டுக் கீழே போய் இன்னொன்றைத் திறந்தார். அதே திகதி, அதே பருமன். கலாராணிக்குப் போன் எடுத்து, பங்காளி வாசல் உண்மைதானா என்று கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டு, படகை விடுவிக்கும் கடிதத்தை இழுத்து, கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தார்.

"அப்ப ஒன்பது லட்சம் படகு கட்டினது நடந்ததுதானோ, அண்ணை?"

றெனால்ட் அக்காவைப் பார்க்காமல், திரையின் அடியில் நின்ற எண்ணிக்கையைப் பார்த்தான்.

"நடந்தது, மிஸ். நான் பக்கத்தில நிண்டு கண்டனான்." அவன் தொண்டையைச் செருமினான். "ஆனால் ஒன்பது லட்சம் இல்லை, ஒன்பதரை. அவ குறைச்சுத்தான் சொன்னவ."